வாய்க்கரிசி முளைத்த ஊர்

காரையேந்தல் இடுகாட்டில் நெல் விளைந்த வருஷம், அந்த ஊரில் வேறெங்கும் நெல் விளையவில்லை. புரட்டாசிப் புழுதியில் விதைத்த நெல் இரண்டு தூறலை நம்பி முளைத்து, ஐப்பசி மேகமும் கார்த்திகை மேகமும் தலையைக் காட்டிவிட்டு அடுத்த தாலுகாவுக்குப் போய்விட்டதால் ஒரு சாண் உயரத்திலேயே கருகி, கண்மாய்க்குள் ஆடு மேய்ந்து, ஆண்பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்குப் பஸ் ஏறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மார்கழியில், விறகு பொறுக்கப் போன பெண்கள் இடுகாட்டில் பச்சையைப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும், சரியாக வாய் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு தூர் நெல் நின்றது. கதிர் வாங்கிப் பால் பிடித்து, காற்றே இல்லாத மத்தியானத்திலும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

இது என்ன நெல் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. குழிக்குள் இறக்குவதற்கு முன்னால் உறவுமுறை எல்லாரும் வரிசையாக வந்து, இறந்தவர் வாயில் மூன்று பிடி அரிசி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது அந்த ஊர் வழக்கம். அப்படிப் போட்ட அரிசிதான் முளைத்திருந்தது. அவித்து, காயவைத்து, மில்லில் கொடுத்துத் தவிடு நீக்கிய புழுங்கலரிசி. வேளாண்மை அலுவலகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, புழுங்கலரிசி முளைக்க வழியே இல்லை என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார். நெல் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. தை பிறப்பதற்குள் முற்றித் தலை சாய்த்துவிட்டது.

அதிசயத்தைவிட ஆடுகள்தான் ஊருக்குப் பெரிய கவலையாக இருந்தன. பழஞ்சேலைகளைச் சேர்த்துத் தைத்துச் சுற்றிலும் வேலியாகக் கட்டினார்கள். அதன்பிறகுதான் எந்தத் தூர் யாருக்கு என்ற பேச்சு வந்தது. மூத்த மகனுக்கா, எல்லாப் பிள்ளைகளுக்குமா, பொழுதுக்கும் கஞ்சி ஊற்றிய மருமகளுக்கா என்று சண்டை வலுத்தபோது, ஊர் அம்பலம் ஆண்டியப்பன் கோயில் வாசலில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். அம்பலம் என்றால் அந்தப் பக்கத்தில் ஊர்த் தலைவர். அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"இதுல என்னப்பா கொழப்பம்? யாரு கை போட்ட அரிசியோ அந்தக் கைக்குத்தேன் நெல்லு. மொதப் பிடி போட்டவுக அறுத்துக்கங்க."

ஊர் தலையாட்டியது. ஆண்டியப்பன் சொல்வதற்கு அந்த நாளில் தனி மதிப்பு இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கொள்ளைநோய் வந்து, பெற்ற தகப்பன் பக்கத்தில் போகவே பிள்ளைகள் பயந்து ஒதுங்கிய காலத்தில், தன் தாய் ராக்காயிக்குத் தன் கையாலேயே வாய்க்கரிசி போட்டவர் என்று பெயர் எடுத்தவர் அவர். அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், அவர் சொல்லாத இடங்களில் மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் சமைத்தவள் குழந்தையம்மாள். தை அமாவாசைக்கு மாமியாருக்குப் படையல் போட வேண்டும், வீட்டில் ரேஷன் அரிசியும் தீர்ந்துபோயிருந்தது. மாமியார் தலைமாட்டு நெல்லைக் கசக்கி, உரலில் குத்தி, ஒரு பிடி போட்டுப் பொங்கி இலையில் வைத்துக் காக்கைக்கும் வைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு வாய் எடுத்துத் தின்றாள். தின்றதும் அவளுக்கு ஒரு ஞாபகம் வந்தது. கனவு மாதிரியோ சினிமா மாதிரியோ இல்லை. நேற்று சந்தைக்குப் போனது எப்படி ஞாபகம் இருக்குமோ அப்படி, தனக்கே நடந்தது போல வந்தது. கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறாள். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. தாகம். "ஏத்தா, செத்தத் தண்ணி குடேன்" என்று கேட்கிறாள். அடுப்படியில் ஒரு முதுகு தெரிகிறது, பச்சை ரவிக்கை போட்ட முதுகு. மறுபடியும் கேட்கிறாள். அந்த முதுகு திரும்பாமலே கையை நீட்டி டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறது. அந்தப் பச்சை ரவிக்கை குழந்தையம்மாளுடையது. இன்னும் கொடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் பாதி வீடுகளில் சோறு பொங்கியாகிவிட்டது, பாதி வீடுகளில் பேச்சு நின்றுவிட்டது. ஒருவரும் தலையை நிமிர்த்தி நடக்கவில்லை. குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள், வாயடிக்கவே பிறந்தவர்கள், தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீக்கடையில் அரசியல் பேசுகிறவர்கள் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். இறந்தவர்களின் கண்ணால் தன்னைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இன்னொருவன் கண்ணைப் பார்க்க எங்கிருந்து தைரியம் வரும்? வெட்கம் என்பது அந்த ஊரில் கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் உரியதாக இருந்தது, அந்தத் தை மாதத்தில் பெரிய மீசைகளுக்கும் வந்துவிட்டது.

ஆனாலும் தின்னாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு வாய் தின்றால் செத்துப்போன அப்பனின் ஒரு நாள் முழுசாகக் கிடைக்கிறது என்றால் எந்தப் பிள்ளைதான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பான்? ஒருவன், அப்பன் பத்திரத்தை எங்கே ஒளித்தான் என்று தெரிந்துகொள்ளப் பேராசையோடு தின்றான். அவனுக்குக் கிடைத்தது, அப்பன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு காய்ச்சலோடு டவுன் ஆஸ்பத்திரிக்கு நடந்த நாள். எழுந்து போய்த் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். புருஷனைத் திட்டாத நாளில்லை என்றிருந்த ஒருத்திக்குக் கிடைத்தது, அவர் அவளுக்குத் தெரியாமல் அவளுடைய செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டுக் கடை வாசலில் வெறுங்காலோடு நின்ற ஒரு மத்தியானம். நெல் கேட்டதைக் கொடுக்காது, தனக்குத் தோன்றியதைக் கொடுக்கும். அதில் நல்லதும் இருந்தது, சுடுவதும் இருந்தது. நல்லது இன்னும் அதிகமாகச் சுட்டது.

மெல்ல மெல்ல ஊர் அதையும் பழக்கமாக்கிக்கொண்டது. அடுத்த வீட்டு இறந்தவரைத் தின்னக்கூடாது, கதவைச் சாத்திக்கொண்டுதான் தின்ன வேண்டும், தின்று வந்தவரிடம் என்ன பார்த்தாய் என்று கேட்கக்கூடாது. "சோறு எறங்குச்சா?" என்று மட்டும் கேட்கலாம். "எறங்குச்சு" என்றால் பேச்சு முடிந்தது. உயிரோடிருந்த கிழடுகளுக்குத்தான் யோகம். கேட்பதற்கு முன்னால் காபி வந்தது, வெந்நீர் வந்தது, மகன்கள் வேலைக்குக் கிளம்புமுன் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் போதும், "இருக்கட்டும் இருக்கட்டும், எல்லாம் நாளைக்கு என் அரிசியில தெரியும்டியோவ்" என்று ராகம் போட்டார்கள்.

இந்தப் பழக்கங்களுக்குள்ளே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது, அதைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறக்கவில்லை. ஆரம்பத்தில் அவசரப்பட்ட சில வீடுகளைத் தவிர எந்த வீட்டிலும் கடைசிப் பிடி அரிசியைச் சமைக்கவில்லை. எந்தப் பிடியை முதலில் உலையில் போட்டாலும், கடைசியாக மிஞ்சுகிற பிடியில் இருந்தது இறந்தவரின் கடைசிப் பொழுதுதான். முற்றத்தில் கிடத்தியிருக்கிறார்கள். மூச்சு நின்ற பிறகும், மண் விழும்வரைக்கும், கண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நெற்றியில் காசு. சுற்றிலும் ஒப்பாரி. அப்போது ஒரு முகம் குனிந்து வருகிறது, தாடையைத் துணியால் கட்டுகிறது, கலைந்த முடியை ஒதுக்கிவிடுகிறது, ஈ உட்காராமல் விசிறுகிறது, அரிசி போட வருகிறவர்களுக்கு வாய் எட்டும்படித் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. எல்லா வீட்டு இறந்தவர்களும் கடைசியாகப் பார்த்தது அந்த ஒரே முகத்தைத்தான். அது சேதுராசுவின் முகம்.

முதலில் தின்ற சில வீட்டுக்காரர்கள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றிலேயே கையைக் கழுவினார்கள். அதன்பிறகு சொல்லாமலே செய்தி பரவிவிட்டது. கடைசிப் பிடி மற்ற ஒவ்வொரு வீட்டிலும் சின்னச் செம்பிலோ டப்பாவிலோ, தின்னவும் முடியாமல் கொட்டவும் முடியாமல், அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தது.

சேதுராசுவிடம் ஒரு குட்டியானை வண்டி இருந்தது. செங்கல் ஏற்றுவான், வைக்கோல் ஏற்றுவான், சந்தைக்கு ஆடு ஏற்றுவான். ஊரில் ஒரு சாவு என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு முதல் ஆளாக வந்து நிற்பான். பந்தக்கால் நடுவதிலிருந்து குழி மேட்டில் கடைசி மண்வெட்டி வைப்பது வரைக்கும் அவன்தான். வண்டியின் பின்கதவில் நசுங்கி வலது ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. அந்த மொட்டை விரலை நீட்டி "அந்தக் கயித்த இப்படிக் கொண்டா" என்று அவன் சொன்னால் அம்பலமே கயிற்றைக் கொண்டுவருவார். உறவுமுறையில் ஆண்டியப்பன் அவனுக்கு மச்சான். அவன் மனைவி தவமணிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, அண்ணன் முறைக்கு ஆண்டியப்பன்தான். அவர்களுக்குப் பிள்ளைகுட்டியும் இல்லை.

கொள்ளைநோய் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுபோனதும், அங்கே இடமில்லாமல் வழியில் போய்ச் சேர்ந்தவர்களைத் திருப்பிக் கொண்டுவந்ததும் அவன் வண்டிதான். தவமணிக்கு ஒட்டிவிடக்கூடாது என்று அந்த நாட்களில் அவன் வீட்டுக்கே வரவில்லை. கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தி அதிலேயே படுத்துக்கொண்டான். அவள் தூக்குச்சட்டியைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள், அவன் வந்து எடுத்துக்கொண்டு கையை ஆட்டுவான். முகத்தில் துணி கட்டியிருப்பான். அவன் கடைசியாகக் கொண்டுவந்தது ஆண்டியப்பனின் தாய் ராக்காயியை. அதற்குப் பிறகு அவனே படுத்தான், டவுனுக்குப் போனான், திரும்பி ஆம்புலன்ஸில் பிணமாகத்தான் வந்தான்.

ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். ஊரே முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்றது. "ஊருக்குள்ள கொண்டாரக்கூடாது, பிள்ளகுட்டிக இருக்கு" என்று சொன்னவர் அம்பலம். மற்றவர்கள் சொல்லவில்லை, ஆனால் அவர் பின்னால் நின்றார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. தவமணி வீட்டுக் கதவில் தகரம் அடித்துப் பூட்டியிருந்தார்கள். அவள் உள்ளே இருந்து தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது தெருவுக்கெல்லாம் கேட்டது. வெயிலில் நின்று நின்று பார்த்துவிட்டு ஆம்புலன்ஸ் திரும்பியது. பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட இரண்டு பேர் கண்மாய்க்கு அந்தப் பக்கப் புறம்போக்கில் குழி தோண்டி இறக்கிவிட்டுப் போனார்கள். தாடை கட்ட ஆளில்லை. கோடித் துணி இல்லை. அரிசியும் இல்லை.

அதனால் அங்கே நெல்லும் இல்லை. தவமணி மார்கழி முழுக்கப் போய்ப் போய்ப் பார்த்தாள். நெருஞ்சிதான் கிடந்தது.

அவளுடைய கஷ்டம் ஊருக்குத் தெரியாமல் இல்லை. தெரு முழுக்கச் சோறு பொங்குகிற வாசனை வரும்போது அவள் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். ஒருத்தி சுரைக்காய் கொண்டுவந்து வைத்தாள், ஒருத்தி புதுச்சேலை வைத்தாள். யாரும் எதற்காக என்று சொல்லவில்லை, அவளும் எடுக்கவில்லை. சுரைக்காய் வாசலிலேயே வாடியது. பிறகு சிலருக்கு ஒரு யோசனை வந்தது. இப்போதாவது போட்டுவிடலாமே என்று கும்பலாகக் கண்மாயைத் தாண்டிப் போய், குழியின் தலைமாட்டில் ஆளுக்கு மூன்று பிடி அரிசி போட்டார்கள். சில பேர் சத்தமாகவே அழுதார்கள். ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். அரிசியைக் குருவிகள் வந்து தின்றுவிட்டுப் போயின. போட வேண்டிய நேரத்தில் போடாத அரிசியை எந்த வாயும் வாங்கிக்கொள்ளாது என்று அதோடு ஊருக்குப் புரிந்தது. ஆறின சோற்றை விருந்தாளி முன்னால் வைத்தவர்களைப் போல எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு திரும்பினார்கள்.

குழந்தையம்மாளால்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் வந்து தவமணி பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தரையைக் கீறினாள்.

"மதினி, ஒண்ணு சொல்லுவேன், என்னய வையக்கூடாது."

"சொல்லு."

"எங்க அத்தை கடைசியா பாத்தது உங்க வீட்டுக்காரவுகளத்தேன்."

தவமணி திரும்பினாள்.

"எங்க அத்தை மட்டுமில்ல மதினி. எல்லார் வீட்டு அரிசியிலயும் அவுகதேன் இருக்காக. கடைசிப் பிடியில. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தேன் ஒருத்தரும் திங்காம வச்சிருக்கோம்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் அந்த முள்ளுக்குப் பின்னால நின்னேன். எங்க அத்தை தலைய மடியில வச்சுக் கட்டுன மனுசன். நான் நின்னு பாத்தேன் மதினி."

தவமணி அவளைத் திட்டவில்லை. உள்ளே போய்க் கும்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எந்திரி. உன் வீட்டுக்குப் போவோம்."

அன்று அவள் குழந்தையம்மாள் வீட்டில் தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு, "அந்தக் கட்டம்போட்ட சட்டை. அத அவுகளுக்கு நாந்தேன் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். மறுநாளிலிருந்து பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, வீடு வீடாகப் போனாள். மறைக்கிற காரியம் எதுவும் அவளிடம் இல்லை. மறைக்க வேண்டியவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்தான். அவள் தின்னும்போது அந்த வீட்டுக் கடைசிப் பொழுது முழுக்க அவளுக்குள் போகும். பிணத்தை நடுவில் போட்டு நகைக்கு அடித்துக்கொண்டதும் போகும், அழுவதுபோல் நடித்ததும் போகும். தெரிந்தேதான் கொடுத்தார்கள். கதவைத் திறந்துவிட்டு, அலமாரியிலிருந்து செம்பை இறக்கி, சமைத்து அவள் கும்பாவில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். அவள் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. மீசை கறுத்த சேதுராசுவையும், நரைத்த சேதுராசுவையும், மஞ்சள் காமாலையில் இளைத்த வருஷத்துச் சேதுராசுவையும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சேர்த்துக்கொண்டு போனாள். எல்லாம் முகத்தில் துணி கட்டுவதற்கு முந்தைய முகங்கள். நோய்க்காலத்தில் செத்த மற்றவர்களுக்கும் ஊர் பயத்தில் அரிசி போடவில்லை. போட்டது ஒருவருக்குத்தான்.

கல்லின் மேல் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு விலகி நின்ற நாட்களில் அவன் எப்படி இருந்தான், இளைத்திருந்தானா, பயந்திருந்தானா, தன்னை நினைத்தானா என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவன் கடைசியாக ஏந்திய தலை ராக்காயியுடையது. அந்தப் பிடி ஆண்டியப்பன் வீட்டில் இருந்தது.

அம்பலம் வீட்டு முற்றத்தில் அவள் வந்து நின்றபோது, கூப்பிடாமலே ஊரில் பாதி பின்னால் வந்து நின்றது. ஆண்டியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார்.

"தங்கச்சி, வேற என்ன வேணும்னாலும் கேளு. கண்மாய்க்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு சமாதி கட்டித் தாரேன். நானே நின்னு கட்டுறேன். அது மட்டும் வேணாம்."

"எனக்குச் சமாதி வேணாம்ணே. ஒரு பிடி சோறு."

"என்னயப் பெத்தவளோட கடைசிப் பொழுது அது. அடுத்த ஆளு திங்கக்கூடாதுன்னு ஊர் முறை இருக்குல்ல."

"எல்லாரும் குடுத்தாக. நான் யாரு வீட்டுக் கதையவும் வெளிய சொல்லல. உங்க குத்தங்கொறை எனக்கு எதுக்கு? எனக்கு என் மனுசன் வேணும். கண்மாய்க்கரையில கை ஆட்டுனாகளே, அந்த மொகத்த நான் கிட்டத்துல பாக்கவே இல்லண்ணே." அதுவரைக்கும் அழாத தவமணி அப்போது அழுதாள். "தகரத்தத் தட்டித் தட்டிப் பாத்தேன். நான்கூட அவுகளுக்கு ஒரு பிடி அரிசி போடல."

யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "குடுத்துருங்க அம்பலம். உங்களப் பெத்தவளுக்குப் போட்ட அரிசிதான, அதுல உங்களுக்கு என்ன தலையெறக்கம்?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

ஆண்டியப்பன் உள்ளே போனார். வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது, தோளில் துண்டு இல்லை. டப்பாவை அவள் காலடியில் வைத்துவிட்டு, ஊரைப் பார்க்காமல், வாசல்படியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"போட்ட கைக்குத்தேன் நெல்லுன்னு சொன்னது நானு. இது உன் வீட்டு நெல்லு தங்கச்சி. நான் போடல. இடுகாட்டுக்கு வெளிய, பம்புசெட்டுக்குப் பக்கத்துல மூக்கப் பொத்திக்கிட்டு நின்னேன். என் பொண்டாட்டி முடிஞ்சு குடுத்த அரிசியக்கூட நான் கொண்டு போகல, செவுத்து மேல வச்சிட்டு, நீயே போட்டுரு மாப்ளேன்னு கத்துனேன். அவருதேன் போட்டாரு. அவரு போட்டதுலதேன் அவருக்கும் அந்த நோய் வந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதேன் முள்ள வெட்டச் சொன்னேன்."

ஊருக்கு அவரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது, ஆனால் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர்களுக்கெல்லாம் தாங்கள் முள்ளுக்கு எந்தப் பக்கம் நின்றோம் என்பது ஞாபகம் வந்து வாய் மூடிக்கொண்டது. அம்பலத்தின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே முற்றத்திலேயே மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். அரிசி கொதிக்கிறவரைக்கும் எல்லாரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கும்பாவில் விழுந்தது ஒரே ஒரு வாய்ச் சோறு.

தவமணி தரையில் உட்கார்ந்து தின்றாள். மென்று விழுங்கிவிட்டு அசையாமல் இருந்தாள். வெயில் இறங்கி முற்றத்தின் பாதிக்கு நிழல் வந்தது. அவள் கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் இருந்தது என்ன என்று யாருக்கும் புரியவில்லை.

"பாத்தியா தங்கச்சி?" என்றார் ஆண்டியப்பன்.

"கையப் பாத்தேன்" என்றாள். "அவுக கைதேன். நகமில்லாத வெரலு. அரிசியப் போட்டுட்டு அந்த வெரலாலதேன் ஒதட்டத் தொடச்சுவிட்டாக. கொரலும் அவுக கொரலுதேன். இருமிக்கிட்டே பேசுனாக. எப்பவும் உங்க ஆத்தாள அத்தைன்னுதான கூப்பிடுவாக? அன்னைக்கு ஆத்தான்னு கூப்பிட்டாக. 'ஆத்தா, நாந்தேன் ஆண்டி வந்திருக்கேன், நான் போடுறேன் வாங்கிக்க'ன்னு சொன்னாக. பெத்த மகன் போடலன்னு உங்க ஆத்தா மனசு நோகக் கூடாதேன்னு அப்படிச் சொல்லியிருக்காக."

ஆண்டியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆத்தா அத நம்பிருச்சுண்ணே. முழுசா நம்பிருச்சு. அவ்வளவு சந்தோசமா நம்புச்சு. அதனால" என்று நிறுத்தினாள். கும்பாவைப் பார்த்தாள். "அதனால அதுக்குத் தெரிஞ்சது உங்க மொகந்தேன். அவுக கை, அவுக கொரலு, மொகம் மட்டும் உங்க மொகம். எவ்வளவு தேடியும் அவுக மொகம் அதுல இல்ல."

டப்பாவில் இனி ஒரு அரிசிகூட இல்லை. ஊரில் வேறெந்த வீட்டிலும் அந்த நாள் இல்லை. ஆண்டியப்பன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தவமணி கும்பாவை ஒதுக்கிவைத்துவிட்டு அவருக்கு எதிரே நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அங்கே நின்ற எல்லாருக்கும் தாங்க முடியாமல் இருந்தது.

"கைய எடுங்கண்ணே" என்றாள். "கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. அன்னைக்கு அவுகளுக்கு இருந்தது இந்த மொகந்தேன், நான் பாத்துக்கிறேன்."

ஆண்டியப்பன் கையை எடுத்தார். அவள் பார்த்து முடிக்கிறவரைக்கும், ஊர் பார்க்க, முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.